விறைத்த காலுக்குக் கொதிநீரா?

மாவனல்லையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "இங்கிலாந்தில் படிக்கும் என் மகன் குளிர்காலத்து மழையில் நனைந்தபடி சைக்கிளில் அறைக்கு வருகிறான். கால் விரல்கள் மரத்துப் போகின்றனவாம். உடனே கொதிக்கும் நீரில் காலை வைக்கிறானாம். இது சரியா?"

கூடாது சகோதரியே, இன்றே சொல்லிவிடுங்கள். மரத்த கால் சூட்டை உணராது. தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். ஹீட்டரில் காலை வைப்பதும் அப்படியே. திடீர்ச் சூட்டினால் விரல்கள் சிவந்து வீங்கி அரிப்பெடுக்கவும் கூடும்.

நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே முதலில் ஈரச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, விரலிடுக்கு வரை துடைக்க வேண்டும். பின்னர் உலர்ந்த கம்பளிக் காலுறை, உடம்புக்குப் போர்வை, ஒரு கோப்பை இஞ்சித் தேநீர். உடம்பு சூடேறினால்தான் காலுக்கு இரத்தம் நன்றாக ஓடும். வுழூவுக்கு இளஞ்சூட்டு நீர் போதும். கையும் விறைத்திருக்குமாதலால் சூட்டை முழங்கையால் பார்க்கட்டும்.

இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு காலுறை அணிந்தால் இரத்த ஓட்டம் குறைந்து குளிர் கூடும். பையில் ஒரு சோடி உலர்ந்த காலுறை இருப்பதே மேல்.

கால் சூடேறிய பின்னரும் உணர்ச்சி திரும்பாவிட்டால், அல்லது கொப்புளம் கண்டால், தாமதியாமல் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.