வாழைத் துறையில் வாடகைக் கோபுரம்

லண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், கண்ணாடிக் கோபுரங்கள் காட்சி தருகின்றன. கேனரி வார்ஃப் என்பது அந்த இடத்தின் பெயர். வங்கிகளின் கொலுமண்டபம்! வட்டியை வளர்ப்போரின் உறைவிடம்! ஐம்பது மாடி, நாற்பத்தைந்து மாடி என்று அடுக்கடுக்காக நிற்கும் அவற்றை அண்ணாந்து பார்ப்போருக்குக் கழுத்து வலிக்கும். கணக்குப் பார்ப்போருக்கோ நெஞ்சு வலிக்கும்!

அங்கே 2002 முதல் தலைமை அலுவலகம் நடத்தி வந்த எச்.எஸ்.பி.சி. வங்கி, நகரின் பழைய வணிகப் பகுதிக்கே பெயர்ந்து செல்லப்போவதாக 2023-இல் அறிவித்தது. ஐயகோ, கோபுரம் காலியாகிறதே என்று சொத்துச் சந்தை கலங்கிற்று. 2025 நவம்பரில் ஜே.பி. மார்கன் வங்கி, அதே பகுதியில் 30 இலட்சம் சதுர அடியில் புதிய கோபுரம் எழுப்பப்போவதாக அறிவித்தது. கலக்கம் மறைந்து களிப்புப் பிறந்தது. வாடகை ஏறுமா, இறங்குமா? சந்தைக்காரர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான்.

நாம் கேட்பது வேறு. அந்த வாடகையை உண்டாக்கியவர் யார்? உண்பவர் யார்?

வார்ஃப் என்றால் சரக்கு இறக்கும் துறை. கேனரித் தீவுகளிலிருந்து வாழைப்பழமும் தக்காளியும் வந்திறங்கிய துறை. 1936-இல் ஒரு பழக் கப்பல் நிறுவனத்துக்காக அமைந்த கிடங்கு. பெயர் வந்த கதை அது. இன்று பழமும் இல்லை, பழத்தைச் சுமந்த தோளும் இல்லை. பெயர் மட்டும் எஞ்சி, பெருவணிகத்தின் நெற்றியிலே பொட்டாக இருக்கிறது!

அதற்கும் முன்னே என்ன இருந்தது? 1802-இல் அங்கே மேற்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது. கரிபியன் தீவுகளில் கறுப்பின அடிமைகள் குருதி சிந்தி விளைவித்த கரும்பின் சர்க்கரை அங்கேதான் வந்து குவிந்தது. அந்தத் துறையை எழுப்பிய முதன்மையாளர்களுள் ஒருவரான ராபர்ட் மில்லிகன், அடிமைகளை உடைமையாக வைத்திருந்த வணிகர். அவருக்குச் சிலை வைத்தார்கள். 2020 ஜூன் மாதம்தான் அதை அகற்றினார்கள். இரண்டு நூற்றாண்டு ஆயிற்று, அந்த அநீதி கண்ணில் பட! 1806-இல் அருகிலேயே கிழக்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது. எந்தக் கம்பெனி சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டியதோ, அதே கம்பெனியின் கப்பல்களுக்காக! ஆகவே, எங்கோ இருக்கும் துறை, நமக்கென்ன என்று எவரும் கூறிவிட வேண்டாம். அந்தக் கிடங்குகளின் செங்கல்லிலே நம் கரையின் கணக்கும் கலந்திருக்கிறது.

சரக்கு வந்தது, சீமான்கள் செழித்தனர். சுமந்தவன்? காலையில் துறைமுக வாயிலில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி வருவார்; முகத்தைப் பார்ப்பார்; தோளைப் பார்ப்பார்; 'நீ வா, நீ போ' என்பார். சந்தையில் மாடு பார்ப்பது போல மனிதனைப் பார்த்தார்கள்! வேலை கிடைத்தால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கிடைக்காவிட்டால் பட்டினி. கூலியோ மணிக்கு 5 பென்ஸ்.

பொறுத்தவன் பொங்கினான்! 1889 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பென் டில்லட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் முன்னின்றனர். மணிக்கு 6 பென்ஸ் கொடு. அழைத்தால் நான்கு மணி நேர வேலையாவது கொடு. இவைதாம் கோரிக்கை. ஒரே ஒரு பென்ஸ் கூடுதலாகக் கேட்க ஐந்து வாரம் பட்டினி கிடந்தார்கள்! ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் 30,000 பவுண்டு திரட்டி அனுப்பினார்கள். கடல் கடந்து வந்த அந்தக் காசு, கதவடைத்த முதலாளிகளின் கர்வத்தை அடக்கியது. செப்டம்பரில் தொழிலாளர் வென்றனர். துறையை ஆண்டவர்கள் தாமாக இரங்கித் தந்தது அன்று அது. சங்கம் பெற்றுத் தந்தது.

ஆண்டுகள் உருண்டன. சரக்கைப் பெட்டியில் அடைத்து, பெட்டியைப் பளுதூக்கியால் ஏற்றி இறக்கும் முறை வந்தது. அந்தப் பெரிய கப்பல்கள் பழைய துறைக்குள் நுழைய இயலவில்லை. ஆற்றின் கீழ்ப்புறம் டில்பரிக்குப் போய்விட்டன. 1967-இல் கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டது. 1968-இல் செயின்ட் கேதரின் துறை. 1980-இல் மேற்கிந்தியத் துறை. 1981-இல் ராயல் துறைகள். பதினைந்தே ஆண்டுகளில் ஒரு தொழிலாளர் உலகம் பூட்டப்பட்டது!

இதற்காக நாம் பெட்டியைச் சபிக்கவில்லை. கொக்கியும் முதுகுச் சுமையும் மீண்டும் வரவேண்டும் என்று எந்தத் தொழிலாளியும் விரும்பமாட்டான். தொழில்நுட்பம் வளரட்டும். ஆனால் துறை போன இடத்தில் எது வரவேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு? அங்கே பிறந்து, அங்கே உழைத்து, அங்கேயே வேலை இழந்து நின்றவனுக்கா? அல்லது கையில் வரைபடத்தோடு வந்து இறங்கியவனுக்கா?

1981-இல் மார்கரெட் தாட்சர் அம்மையாரின் அரசு விடை கூறிற்று. அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் முயற்சியால் லண்டன் கப்பல்துறைப் பகுதி வளர்ச்சிக் கழகம் என்றொரு அமைப்பு உருவாயிற்று. எட்டரை சதுர மைல் பரப்புக்கு அதிகாரம்! கட்டட அனுமதி வழங்கும் உரிமை, மக்கள் தேர்ந்தெடுத்த நகரமன்றங்களிடமிருந்து பறிக்கப்பட்டு, அரசு நியமித்தவர்களின் கைக்குப் போயிற்று. பொது நிலமும் அந்தக் கைக்கே போயிற்று.

மக்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை. 1983-இல் ராயல் துறைப் பகுதி மக்கள் தாங்களே கூடி, வீடு வேண்டும், தொழிற்கூடம் வேண்டும் என்று ஒரு மக்கள் திட்டமே தீட்டித் தந்தார்கள். 1984-இல் படகுகளில் கொடி கட்டி, தேம்ஸ் ஆற்றிலே ஊர்வலமாகப் பாராளுமன்ற வாயிலுக்கே போனார்கள். மறுப்பு மட்டும் கூறவில்லை, மாற்றும் கூறினார்கள். திட்டம் தாளிலே தங்கியது. தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்பட்டது.

தீர்ப்பு என்ன தெரியுமா? 1982-இல் அந்தத் தீவுப் பகுதி தனிச்சலுகை வட்டாரம் ஆக்கப்பட்டது. பத்தாண்டுக்கு நகராட்சி வரி கிடையாது! கட்டடத்துக்குப் போட்ட பணம் முழுவதையும் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம்! ஒரு காலத்தில் சர்க்கரை குவிந்த துறையல்லவா? கரும்பு தின்னக் கூலியும் கொடுத்தார்கள்! கொடுத்தது யார் பணம்? மூட்டை சுமந்தவனும், அவன் பிள்ளையும் கட்டிய வரிப்பணம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

1986 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. வெளிநாட்டு வங்கிகள் விரைந்து வந்தன. விரிந்த கூடங்கள் வேண்டுமென்றன. கனடா நாட்டு ரீச்மன் சகோதரர்களின் ஒலிம்பியா அண்டு யார்க் நிறுவனம் 1987-இல் ஒப்பந்தம் போட்டது. ஒரு கோடி சதுர அடிக்கு மேல் அலுவலகம் கட்டுவது திட்டம். 1991-இல் 235 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்து நின்றது. அன்றைக்குப் பிரிட்டனிலேயே அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை.

எழுந்து நின்றது கோபுரம். எழமுடியாமல் விழுந்தது நிறுவனம்! 1992 மே மாதத்தில் ஒலிம்பியா அண்டு யார்க் திவாலாயிற்று. கோபுரத்தில் பாதி அளவுக்கு ஆளில்லை. ஏன்?

தோழர்கள் இந்தச் சந்தையின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தக்காளி விலை ஏறியதென்று ஊரெல்லாம் தக்காளி பயிரிட்டால் என்ன ஆகும்? அறுவடை நாளில் கூடை விலை போகாது. அலுவலகச் சந்தையும் அப்படியே. வாடகை ஏறும்போது ஆளுக்கொரு கோபுரம் தொடங்குவார்கள். கட்டி முடிக்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். எல்லாம் ஒரே நேரத்தில் முடியும். அப்போது வாடகை படுத்துவிடும். பழைய வணிகப் பகுதியின் நகராட்சியும் போட்டிக்குத் தன் கட்டட விதிகளைத் தளர்த்தி, மாடிகளைப் பெருக்கிற்று. குடியிருக்க வாருங்கள், உங்கள் பழைய குத்தகையையும் நாங்களே ஏற்கிறோம் என்று கெஞ்சும் நிலைக்கு வந்தார்கள் கோபுரக்காரர்கள். தக்காளியாவது அழுகி மண்ணுக்கு எருவாகும். காலிக் கோபுரமோ அழுகாது. நின்றபடியே வட்டியைத் தின்னும்!

சரி, விழுந்த கோபுரத்தைத் தூக்கி நிறுத்தியது எது? சந்தையா? அல்ல! சாலையும் இரயிலும்! வங்கிகள் நிறைந்த இடத்துக்கு ஆள் போய்ச்சேர ஒழுங்கான வழியே இல்லாதிருந்தது. 1999-இல் ஜூபிலி சுரங்க இரயில் பாதை அங்கே நீட்டப்பட்டது. செலவு சுமார் 350 கோடி பவுண்டு. நாங்கள் 40 கோடி தருகிறோம் என்று வாக்களித்த நிறுவனம் இடையிலேயே திவாலாயிற்று. பெரும்பங்கைப் பொதுக் கருவூலமே சுமந்தது. இரயில் வந்தது, வங்கிகள் வந்தன, வாடகை வந்தது, நிலத்தின் விலை விண்ணுக்குப் பறந்தது. 2015-இல் அந்தச் சொத்தை ஆளும் நிறுவனம், கத்தார் அரசின் முதலீட்டு அமைப்பும் கனடாவின் புரூக்ஃபீல்டும் சேர்ந்த கூட்டின் கைக்கு மாறியது. விலை ஏறத்தாழ 260 கோடி பவுண்டு. போட்டது பொதுமக்கள், பெற்றது புதுமக்கள்!

இங்கே ஒரு வாதம் எழும். "பாழடைந்த துறையை அப்படியே விட்டிருக்க வேண்டுமா? கொரோனா நோய் வருமுன் நாள்தோறும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலைக்குச் சென்றார்களே, அது வளர்ச்சி அல்லவா?" என்பார்கள். வேலை வந்தது உண்மை; மறுக்கமாட்டோம். ஆனால் வேலை எவருக்கு? நாற்பது வயதுவரை மூட்டை தூக்கியவன் மறுநாள் காலையில் நாணயமாற்றுத் தரகனாக முடியுமா? கோபுரம் நிற்கும் டவர் ஹேம்லட்ஸ் வட்டாரம், குழந்தை வறுமை மிகுந்த வட்டாரங்களுள் ஒன்றாகவே இன்றும் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோடி. இந்தப் பக்கம் கஞ்சி!

அந்த மண்ணின் ஏழைக்குக் கோபுரத்தில் கிடைத்த வேலை, இரவில் தரை துடைப்பது. 2003-இல் எச்.எஸ்.பி.சி. வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி எழுந்து நின்றார். மணிக்கு 5 பவுண்டு கூலி, நோயுற்றால் அற்ப ஊதியம், முதுமைக்கு ஓய்வூதியமில்லை. வங்கித் தலைவரின் அலுவலகத்தைத் துடைப்பவர் அவர். தலைவரின் முகம் பார்த்தே தன் நிலையை எடுத்துரைத்தார். கிழக்கு லண்டன் மக்கள் அமைப்புகள் 2001-லிருந்து வாழ்வூதியம் கேட்டுக் கிளர்ச்சி செய்துவந்தன. அந்தக் கிளர்ச்சி தந்த துணிவு அது. 2004-இல் வங்கி இணங்கிற்று. 1889-இல் வாயிலில் நின்றவன் கேட்டது 6 பென்ஸ். அன்று உள்ளே நின்றவர் கேட்டது வாழ்வதற்கு ஒரு ஊதியம். துறை மாறிற்று, தொழில் மாறிற்று, கேள்வி மாறவில்லை. கிடைத்த வழியும் மாறவில்லை: சேர்ந்து நின்றால் கிடைக்கும்.

இன்னொரு படிப்பினையும் அதே நகரம் தருகிறது. 2022-இல் திறக்கப்பட்ட எலிசபெத் இரயில் பாதைக்காக, 2010 முதல் லண்டனின் பெரிய வணிகக் கட்டடங்கள்மீது மதிப்பில் பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதல் வரி போட்டார்கள். கேனரி வார்ஃப் நிலையத்துக்குக் கோபுரக்காரர்களே 15 கோடி பவுண்டு தந்தார்கள். வானம் இடிந்து விழுந்ததா? வங்கிகள் ஓடிப்போயினவா? இல்லையே! இரயிலால் இலாபம் பெறுபவன் இரயிலுக்குப் பங்கு தரலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. 2010-இல் முடிந்தது 1982-இல் ஏன் முடியவில்லை? முடியாமலில்லை, கேட்பாரில்லை!

ஆகவே நாம் கூறுகிறோம். நீர்க்கரையில் அலுவலகம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கட்டட ஒப்பந்தத்தில் மக்களும் ஒரு தரப்பாக இருக்க வேண்டும் என்பதே நம் வாதம். பொது நிலத்தை விற்றுத் தீர்க்காதே, குத்தகைக்கு விடு, வாடகை ஏறும்போது ஊருக்கும் பங்கு ஏறட்டும். வரிச்சலுகை கொடுப்பதானால், திரும்பி வரும் நாளையும் அளவையும் எழுதிக் கொடு. இரயில் போட்டு நிலவிலை ஏறினால், ஏறியதில் ஒரு பகுதியை இரயிலுக்கே திருப்பு. மண்ணின் மக்களுக்கு வீடும், பயிற்சியும், துடைப்பவருக்கு வாழ்வூதியமும் முதல் தூண் இறங்குவதற்கு முன்னே எழுத்தில் இருக்கட்டும். பின்னே பார்த்துக்கொள்ளலாம் என்பவன், பின்னே பார்க்கவே மாட்டான்!

வங்கி வரும், வங்கி போகும். 2008-இல் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அதன் கட்டடத்துக்கு ஜே.பி. மார்கன் வந்தது. இன்று ஒருவர் போகிறார், இன்னொருவர் புதிதாகக் கட்டுகிறார். தேம்ஸ் ஆற்றின் ஏற்றவற்றம் போன்றது வாடகைச் சந்தை. ஏற்றத்தில் மிதப்பவன் வேறு; வற்றத்தில் சேற்றில் நிற்பவன் வேறு என்ற நிலை இருக்கும்வரை, எத்தனை மாடி எழுந்தாலும் அதை வளர்ச்சி என்று நாம் ஒப்பமாட்டோம்.

துறைமுகம் உள்ள ஊர் எதுவாயினும், அங்கே ஒருநாள் ஒருவன் வரைபடத்தோடு வருவான். வரட்டும், வரவேற்போம். வரைபடத்தை விரிக்கச் சொல்வோம். அதில் கோபுரம் எங்கே என்று தேட வேண்டாம். அதை அவனே பெரிதாகக் காட்டுவான். நம் பங்கு எங்கே என்று கேட்போம். கேட்பதைத் தனியாகக் கேட்காமல், சங்கமாகச் சேர்ந்து கேட்போம்!