விறகு கொண்டுவருபவர் யார்?



“ஃபாதர், நம் பங்கில் நெருப்பு இல்லை” என்று கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு சகோதரர் வருந்தினார். வெளியூரில் அவர் பங்கேற்ற தியானத்தில் விண்ணக நெருப்பு இறங்கியதாம், இங்கே இறங்குவதில்லையாம். அவருக்கு அன்று மறுமொழி கூறவில்லை. இன்று எல்லாருக்குமாகக் கூறுகிறேன்: நெருப்பு இறங்குவதை மட்டுமே எதிர்பார்த்திருக்கும் பக்தி, விவிலியம் அறியாத பக்தி.

லேவியர் நூலைத் திறந்து பாருங்கள். 9ஆம் அதிகாரத்தின் இறுதியில் ஆண்டவர் திருமுன்னிலிருந்து நெருப்பு வெளிப்பட்டுப் பலியை எரிக்கிறது. மக்கள் ஆர்ப்பரித்து முகங்குப்புற விழுகின்றனர். நாம் விரும்புவது இக்காட்சியையே. ஆனால் 6ஆம் அதிகாரத்தின் கட்டளை வேறு. பீடத்து நெருப்பு ஒருபோதும் அணையக் கூடாது. காலைதோறும் குரு விறகு அடுக்க வேண்டும்; சாம்பலை அள்ள வேண்டும்; உடை மாற்றிக்கொண்டு அதைப் பாளையத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். ஆர்ப்பரிப்பு ஒருநாள் நிகழ்ந்தது. சாம்பல் அள்ளும் வேலையோ நாள்தோறும் இருந்தது.

யூத மறைநூல் அறிஞர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். விண்ணிலிருந்தே நெருப்பு இறங்கினாலும் மனிதரும் நெருப்புக் கொண்டுவருவது கடமை என்று தால்முத்து கற்பிக்கிறது. சாம்பல் அள்ளும் பணிக்காகக் குருக்கள் பீடத்தின் சாய்தளத்தில் போட்டியிட்டு ஓடினர் என்றும், ஒருவர் தள்ளப்பட்டுக் கால் முறிந்த பின்னரே சீட்டுப் போடும் முறை வந்தது என்றும் மிஷ்னா கூறுகிறது. ஆலயத்தில் நாற்காலி அடுக்கவே ஆள் தேடி அலையும் எனக்கு இது பெருவியப்பு!

கி.பி. 70இல் உரோமையர் எருசலேம் கோவிலை அழித்தனர். யூதரின் வழிபாடு அத்துடன் சாம்பலாயிற்று என்று நம்மில் சிலர் இன்றும் எளிதாகப் பேசுகிறோம். அது தவறு. காலையும் மாலையும் செலுத்தப்பட்ட ‘தாமித்’ பலியின் இடத்தில் அவர்கள் செபத்தை வைத்தனர். இரவெல்லாம் பீடத்தில் எரிந்த பலிப்பகுதிகளோடு இரவுச் செபத்தை இணைத்துக் கண்டனர். அவர்களின் தொழுகைக்கூடங்களில் திருச்சுருள் பேழைக்கு முன் ‘நேர் தாமித்’ என்னும் அணையா விளக்கு ஒளிர்கிறது. எனினும் விளக்கு எரிந்தால் போதும் என்று அவர்கள் இருந்துவிடுவதில்லை. முழுமையான பொதுச் செபத்துக்கு மரபுப்படி பத்துப் பேர் கூட வேண்டும்.

நம் நற்கருணைப் பேழையருகேயும் விளக்கு எரிகிறது. வார நாள்களில் அதன் முன் முழந்தாளிடுபவர் எத்தனை பேர்? உங்கள் வீட்டில் குடும்பச் செபமாலை எந்த ஆண்டோடு நின்றது?

“இரவு வேலை, நேரமில்லை” என்பீர்கள். உங்கள் களைப்பை அறிவேன். ஆயினும் நாடுகடத்தப்பட்டோர் திரும்பிய பிந்திய காலத்தை நெகேமியா 10ஆம் அதிகாரத்தில் காணுங்கள். எந்தக் குடும்பம் எப்போது விறகு கொண்டுவருவது என்று அம்மக்கள் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொண்டனர். முழுச் சுமையும் எவர்மீதும் விழவில்லை.

பெந்தக்கோஸ்து நெருப்பை நான் மறுக்கவில்லை. அது இறங்குமுன் திருத்தூதர்கள் மாடியறையில் ஒருமனத்தோடு செபத்தில் நிலைத்திருந்தனர் என்பதை நினைவூட்டுகிறேன்.

குற்றம் உங்கள்மீது மட்டுமன்று. சாம்பல் அள்ளக் கடமைப்பட்டவர் குரு. வெள்ளி மாலை ஆராதனைக்கு நால்வரே வருகின்றனர் என்று அதை நிறுத்தியவன் நானே. அந்த நால்வரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

வரும் வெள்ளி மாலை 7 மணிக்கு ஆலயம் திறந்திருக்கும். நான் அங்கே இருப்பேன். வாயிலில் ஒரு தாள் வைக்கப்படும். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பமாகப் பெயர் எழுதுங்கள். நெருப்பு இல்லை என்று வருந்திய சகோதரரே, முதல் வாரத்தை உமக்காக ஒதுக்கியிருக்கிறேன்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை