பாக்கெட்டின் பின்பக்கமும் கணக்குப் பாடம்தான்

திசையன்விளையில் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சற்றுத் தள்ளிப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் உடல்நலம் பற்றி மருத்துவர்களும் ஆசிரியர்களும் நிறைய எழுதுகிறார்கள். சாயங்காலம் பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளைகளின் கையிலிருக்கும் பத்து ரூபாய் எங்கே போகிறது என்பது கடைக்காரனுக்குத்தான் தெரியும்.

கொழுப்பு, உப்பு, சீனி மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். என் கடை அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. மணி அடித்ததும் ஓடி வருகிற பிள்ளைக்கு 50 மீட்டர் ஒரு தூரமா? தடுப்பது விதியின் வேலை. தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பது பள்ளியின் வேலை.

பள்ளியில் சொல்லித்தருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ‘நொறுக்குத் தீனி உடம்புக்குக் கெடுதல்’ என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறார்கள். எழுதிய கையோடு வந்து, “அண்ணாச்சி, ஒரு கலர்” என்கிறார்கள். கெடுதல் என்றால் எவ்வளவு கெடுதல் என்று யாரும் அளந்து காட்டவில்லை.

அளந்து காட்டுவது கடினமில்லை. 100 மில்லியில் 10 கிராம் சீனி என்று கலர் பாட்டிலில் போட்டிருந்தால், கால் லிட்டருக்கு 25 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு அதற்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு ஒளிந்திருப்பது ‘சோடியம்’ என்ற பெயரில். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 100 கிராம் நூடுல்ஸில் 1,200 மில்லிகிராம் சோடியம் என்றால் 3 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஆறாம் வகுப்பில் விகிதம் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய கணக்கா?

இந்தக் கணக்கு நம்மூர்ப் பெருமையையும் விட்டுவைக்கக் கூடாது. பனங்காட்டுக்காரர்கள் நாம்; கருப்பட்டி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைப்போம். கருப்பட்டியும் சர்க்கரைதான், அளவு அதற்கும் உண்டு. தை மாதத்துப் பனங்கிழங்கும் அவித்த கடலையும் வேறு கணக்கு. அவற்றில் நார்ச்சத்து இருக்கிறது, பசியும் அடங்கும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வீடுகளின் மாதச் சாமான் பட்டியல் என் கையில்தான் வருகிறது. நாற்பது வயதில் ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்ததும் பட்டியலில் அரிசியும் சீனியும் குறையும். கம்பும் கேழ்வரகும் ஏறும். அதே பட்டியலின் கடைசியில் பிள்ளைக்கான சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் அப்படியே இருக்கும். அப்பாவுக்கு விலக்கியதை மகனுக்கு வாங்குகிறோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருகிறது. நல்லதுதான். ஆனால் மாத்திரை நோய் வந்த பிறகு வருவது.

உன் வியாபாரம் படுக்காதா என்று கேட்பார்கள். பாக்கெட் மாதக்கணக்கில் கெடாது, சுண்டல் அன்றைக்கே ஊசிப்போகும். அதனால்தான் கடைகளில் பாக்கெட் தொங்குகிறது. தினமும் முப்பது பிள்ளைகள் சுண்டல் கேட்டால் எந்த அண்ணாச்சியும் சுண்டல்தான் வைப்பார்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பாக்கெட்டுகளின் பின்னால் பெரும்பாலும் ஆங்கிலம்தான், அதுவும் எறும்பு சைஸில். சிலி நாட்டில் 2016 முதல் சீனியோ உப்போ மிகுந்த பண்டத்தின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். பள்ளிகளில் அவற்றை விற்பதும் இல்லை. இங்கே நட்சத்திரக் குறி போடலாம் என்று 2022-இல் வரைவு வந்தது. நட்சத்திரம் என்றால் நம் பிள்ளைகள் பரிசு என்றுதான் நினைப்பார்கள். வேண்டியது எச்சரிக்கை, அதுவும் தமிழில்.

அதுவரை தலைமையாசிரியர்கள் காத்திருக்க வேண்டாம். வாரம் ஒரு கணக்கு வகுப்பை இந்தப் பாக்கெட் கணக்குக்கு ஒதுக்கினால் போதும். பாடநூல் அச்சடிக்கிற செலவும் இல்லை. காலி உறைகள் என் கடைக் குப்பைக்கூடையில் தினமும் நிறைந்து கிடக்கின்றன.