சிறாம்பியடிக்கு எட்டாத செவிகள்

பேருந்து நெரிசலிலும் விலையேற்றத்திலும் நொந்த நம் மாணவர், புதிய இசை இல்லையே என்றும் அலுத்துக்கொள்கின்றனர். திரைப்படத்துக்கு அப்பால் செவி நீட்டாதோரின் புலம்பல் இது.

புத்தளம் நகரை அடுத்த சிறாம்பியடியில், போர்த்துக்கேயரும் பின்வந்த ஐரோப்பியரும் படைக்கெனக் கொணர்ந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் மஞ்சா பாடுகின்றனர். சிரட்டை, போத்தல், கரண்டி யாவும் அங்கே வாத்தியங்கள். ஒரே அடி மீண்டும் மீண்டும் வர வேகம் ஏறும், பாடுவோரே ஆடுவோருமாவர். அவர்தம் போர்த்துக்கேயக் கிரியோல் வீட்டுப் பேச்சில் அருகி, பாட்டிலேதான் மூச்சு விடுகிறது. அதனை 'எச்சம்' என்று குறிப்பெழுதி அடுக்கிவிடும் ஆய்வாளரும் (அவர்களுள் நம்மவரும் உளர்) செவியுடையோர் அல்லர். 1970களில் இலங்கைத் தமிழரைத் துள்ளவைத்த பொப் பாடல்களின் பைலாத் தாளத்துக்கு உறவுடைய இசை இது.

விழாதோறும் திரையிசைக் குழுவுக்குப் பணம் திரட்டும் தமிழ்ச் சங்கங்கள் சிறாம்பியடியாருக்கு மேடை தருவதற்குத் தடை யாது? அவர்கள் தமிழில் பாடாமையா?