'இங்' போடாதீங்க சார்!

நம் ஆபீஸ்களில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் 'இங்'குக்கு மட்டும் வராது. 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட் சார்', 'ஐ ஆம் நாட் நோயிங் சார்', 'ஹி இஸ் ஓனிங் டூ ஹவுசஸ்'... லீவ் லெட்டரில் மட்டும் ஏனோ 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று இலக்கண சுத்தமாக எழுதிவிடுகிறோம்!

சிரிப்போடு போனால் பரவாயில்லை. எனக்குத் தெரிந்த பி.காம். பையன் ஒருவன். பாங்க் ரிகன்சிலியேஷனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஒரு கம்பெனி இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றிக் கேட்க, 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்றிருக்கிறான். எதிரே இருந்தவர், 'ஃபார் லஞ்ச்?' என்றாராம். பக்கத்தில் இருந்த இருவரும் கொல்லென்று சிரிப்பு. அப்புறம் டெபிட் எது, கிரெடிட் எது என்பதே பையனுக்கு மறந்துவிட்டது. வேலை போச்சு.

தப்பு அவனுடையது மட்டுமா? 'தினமும் ஆறு மணிக்கு ரயில் வருகிறது', 'இதோ, ரயில் வருகிறது'. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'வருகிறது'. வெள்ளைக்காரனுக்கு முதலாவது 'கம்ஸ்', இரண்டாவது 'இஸ் கமிங்'. நாம் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டு வைக்கிறோம்.

கிராமர் புத்தகம் இதற்கு 'ஸ்டேட்டிவ் வெர்ப்' என்று பெயர் சூட்டி ஒரு பக்கத்துக்கு லிஸ்ட் கொடுக்கும். மனப்பாடம் செய்து மாளாது. அதைவிட, தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எனக்கு' என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் 'இங்' கூடாது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்குப் புரியுது, எனக்கு ரெண்டு தங்கச்சி. இதெல்லாம் நாம் செய்கிற காரியம் இல்லை, இருக்கிற நிலைமை. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி. சாப்பிடுவது நான்!

நூறு சதவீத காரண்டி கிடையாது. 'நம்புகிறேன்', 'நேசிக்கிறேன்' இரண்டும் 'நான்' கட்சி. இருந்தாலும் 'பிலீவிங்', 'லவிங்' கூடாது என்பார்கள். 2003-ல் மெக்டொனால்ட்ஸ் 'ஐ'ம் லவின் இட்' என்று உலகம் பூரா போர்டு மாட்டியபோது மட்டும் யாரும் 'ஃபார் லஞ்ச்?' என்று கேட்கவில்லை.

'ஸீயிங்' விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை. பஸ் ஸ்டாப்பில் தினமும் ஒரு பெண்ணைப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அதைப் போய் 'ஐ ஆம் ஸீயிங் ஹெர்' என்று சொன்னால், இரண்டு பேரும் பழகுகிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் அண்ணன் காதில் விழாமல் இருக்கவேண்டும். அவருக்கு இங்கிலீஷும் தெரியாமல் இருக்கவேண்டும்.