நடந்து கற்கும் வரலாறு

ஒரு நகரின் பழமையை அறிய நூலறிவு மட்டும் போதாது. அந்நகரின் வீதிகளில் நடந்து காணுதலும் வேண்டும். உண்மை உணர்ந்த வழிகாட்டி ஒருவர் உடன் வருவாராயின், ஊமையாய் நிற்கும் கல்லும் சுவரும் வாய் திறந்து பேசும். இத்தகைய நடைப்பயணம் மாணவர் கல்வியின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

மதுரை மாநகரையே இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். மீனாட்சியம்மன் திருக்கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்னும் பெயருடைய வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்துள்ளன. சித்திரைத் திருவிழாவின் தேரோ மாசி வீதிகளில் ஓடுகின்றது. இஃது ஏன் என்னும் வினா நடந்து காண்பவர் உள்ளத்தில் எழும். மாசித் திங்களில் நிகழ்ந்து வந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் எனக் கூறுவர். வீதியின் பெயரே வரலாற்று ஏடாதல் காண்க.

நகரைச் சூழ்ந்து ஒரு காலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆட்சித் தலைவராய் இருந்த பிளாக்பர்ன் என்பார் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்டதே விளக்குத்தூண். அப்பணியில் ஈடுபட்டோரின் பெயர்களைப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட்டு வீதியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. ஆயினும் அவ்வழியே நாள்தோறும் செல்வோருள் இதனை அறிந்தவர் எத்தனை பேர்?

பழங்கட்டடங்கள் நகர வளர்ச்சிக்குத் தடை என்பர் சிலர். இக்கூற்றை முற்றும் புறந்தள்ளுதல் இயலாது. நெருக்கடி மிகுந்த ஊர்க்கு இடம் வேண்டியே மதுரை மதில் இடிக்கப்பட்டது. ஆனால், எதனை நீக்கலாம், எதனைக் காத்தல் வேண்டும் என்று தெளிதற்கு அதன் அருமையை முதலில் அறிதல் வேண்டுமன்றோ? 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. அதுவும் அழியாது நிற்பதற்குக் காரணம், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராய் இருந்த நேப்பியர் பிரபு அதன் சிறப்பை உணர்ந்து பழுது பார்க்கச் செய்தமையே. அறிந்தவரே காப்பர், அறியாதார் கண்முன் அழியினும் வருந்தார்.

அரண்மனையை அனைவரும் காண்பர். கடைகள் செறிந்த குறுகிய சந்தில் நிற்கும் பத்துத் தூண்களையும், பழைய கோட்டை வாயிலின் எச்சமாகிய விட்டவாசலையும் காண்பவர் சிலரே. அவற்றைக் காட்டுபவரே சிறந்த வழிகாட்டி.

வழிகாட்டிக்கு நாவன்மையினும் வாய்மை இன்றியமையாதது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையே சுரங்கவழி உண்டு என்பது போன்ற செய்திகளைக் கூறுங்கால், இது செவிவழிக் கதை, இது சான்றுள்ள வரலாறு என்று பிரித்துக் காட்டுதல் அவர் கடமை. காண்போர்க்கும் கடமை உண்டு. பழைய வீதி காட்சிச்சாலை அன்று, மக்கள் வாழுமிடம். அங்கு வாழ்வோர்க்கு இடையூறின்றி நடத்தலும், தூண்களில் பெயர் கீறாதிருத்தலும் பண்பாகும்.

ஆதலின், தொலைவிலுள்ள நகரங்களைக் காண விழையும் மாணவர் முதலில் தம் ஊரின் பழந்தெருவில் ஒரு காலைப் பொழுது நடந்து பார்த்தல் நன்று. இன்று கண்டறியும் இளைஞரே நாளை அவற்றைக் காக்கும் குடிமக்களாவர்.