பிள்ளைகளை அழவிடுங்கள்

புதுச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையம் பக்கத்துப் பள்ளி விழா ஒன்றுக்கு வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்கினார்: "நான் எப்போதும் சந்தோஷமாக இருப்பேன்." பெற்றோர் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்த பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் கை தூக்கி நின்றது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. வடக்கே இருந்த மீனவக் குப்பங்களின் கரையைக் கடல் தின்றது. வீடு போயிற்று, வலை உலர்த்தும் இடமும் போயிற்று. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வந்தால் விசைப்படகில் கூலிக்குப் போகும் அப்பா கையில் காசில்லை. அந்தப் பிள்ளை எதற்காக எப்போதும் சந்தோஷமாக இருக்க வேண்டும்?

சந்தோஷத்தைப் போற்றினால் சந்தோஷம் வந்துவிடும் என்று யார் சொன்னது? ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மகிழ்ச்சியின் அருமையைச் சொல்லும் கட்டுரையைப் படித்துவிட்டு மகிழ்ச்சியான படம் பார்த்த பெண்கள், அதைப் படிக்காதவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். இன்னும் மகிழ்ந்திருக்க வேண்டுமே என்ற ஏமாற்றம் குறுக்கே வந்தது. வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. பதினைந்து வயதில் என்ன ஆகும்? வீடு போன பிள்ளைக்கு, வீடு போன துக்கம் ஒன்று. சிரிக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வு இரண்டு. முதலாவதைக் கடல் கொடுத்தது. இரண்டாவதை இந்தப் பேச்சாளர் காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போகிறார்.

டில்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சிக்கென்றே பாடவேளை ஒதுக்கினார்கள். இங்கேயோ, இருக்கிற விளையாட்டுப் பாடவேளையைக்கூடக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்கிறார். அதைக் கேட்க நாதியில்லை. பிள்ளையை ஓட விடாமல் உட்காரவைத்து, பிறகு சிரி என்றால் எங்கிருந்து சிரிக்கும்?

உணர்வின் வெளிப்பாடான மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். உவகை அதில் ஒன்று, அவ்வளவுதான். அழுகைக்கும் அச்சத்துக்கும் வெகுளிக்கும் அங்கே அதே இடம் உண்டு. கடற்கரை நிலமான நெய்தலுக்கு உரிய உணர்வாக நம் மரபு வைத்ததே இரங்கலைத்தான். அந்தக் கடற்கரையில் பிறந்த பிள்ளையிடம் வந்து அழாதே என்கிறார்கள்!

வீடு போன பிள்ளை கோபப்படட்டும். கரையைக் காக்கத் தூண்டில் வளைவு கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதட்டும். ஆசிரியர்களே, அடுத்த விழாவுக்கு இப்படிப்பட்ட பேச்சாளர்களைக் கூப்பிடாதீர்கள். அந்தப் பணத்தில், பிள்ளைகள் அழுதால் உட்கார்ந்து கேட்க ஒரு மனநல ஆலோசகரை வரவழையுங்கள்.